கொடியில் கொஞ்சம் நெற்று இருக்கட்டும்

காலையில் எழுந்ததும் பூக்குடலையை எடுத்துக்கொண்டு கொடியண்டை போகும் வழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? உண்டென்றால் உங்களிடம் ஒரு கேள்வி. இன்றைக்கு எத்தனை பூ என்று உங்களுக்குத் தெரியும். நேற்று எத்தனை என்பதும் நினைவிருக்கும். எதிர் வீட்டு மாமி மதிலுக்கு மேலே கையை நீட்டிப் பறித்துக்கொண்டு போனது எத்தனை என்பதற்குக்கூடக் கணக்கு வைத்திருப்பீர்கள். ஆனால் அதே கொடியில் இலை மறைவில் எத்தனை காய் தொங்குகிறது என்று கேட்டால்?

"காயா? அது என்னத்துக்கு?" என்பீர்கள்.

அந்த "என்னத்துக்கு" என்பதற்குத்தான் இந்த வாரம் பதில் சொல்லப் போகிறேன்.

பூவைப் பற்றிப் பாடாத கவிஞர் இல்லை. காயைப் பற்றிச் சமையல் புத்தகங்கள் போதும் போதும் என்னும் அளவுக்கு எழுதியாகிவிட்டது. இரண்டுக்கும் பிறகு வரும் மூன்றாவது நிலையைத்தான் யாரும் கவனிப்பதில்லை. காய் முற்றி, பச்சை போய், தோல் காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று ஒலிக்கிறதே, அந்த நிலைக்கு நம் மொழியில் "நெற்று" என்று அழகான பெயர் இருக்கிறது. தேங்காய்க்கும் சொல்வோம், அவரைக்கும் சொல்வோம். பெயர் வைத்தவர்களுக்கு அதன் அருமை தெரிந்திருக்கிறது. அடுக்கு மாடியில் பத்துத் தொட்டி வைத்திருக்கும் நமக்கு அது குப்பையாகப் படுகிறது. "காய்ந்துபோய் அசிங்கமாகத் தொங்குகிறதே" என்று கிள்ளி எறிந்துவிட்டு, அடுத்த வருஷம் அதே விதையைக் காசு கொடுத்து வாங்குகிறோம். ஒரு பொட்டலத்தில் எண்ணிப் பத்து விதை இருக்கும். அதிலும் நாலுதான் முளைக்கும்!

பூவும் நெற்றும் போடும் சண்டை

முதலில் கொடியின் மனசைப் புரிந்துகொள்ள வேண்டும். கொடி பூப்பது நம் ஸ்வாமி படத்துக்காக அன்று. விதை உண்டாக்குவதற்காகத்தான் அது பூக்கிறது. விதை போதுமான அளவு கிடைத்துவிட்டால், ஒரு பருவத்துக் கொடிக்கு வேலை முடிந்தது, பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால், "சரி, இன்னொரு தடவை முயற்சி செய்வோம்" என்று மறுபடியும் மொட்டு விடும். அதனால்தான் பூவை அன்றாடம் பறித்துக்கொண்டே இருக்கும் வீட்டில் கொடி அலுக்காமல் பூக்கிறது. காய்களை அப்படியே விட்டுவிட்ட வீட்டில் சீக்கிரமே இளைத்துப் போகிறது.

அப்படியானால் பூ வேண்டுமா, விதை வேண்டுமா என்று கேட்பீர்கள். இரண்டும் வேண்டும் என்பதுதானே நம் எல்லோருடைய ஆசையும்? அதற்கு வழி இருக்கிறது. கொடியில் ஒரே ஒரு கிளையைத் தேர்ந்தெடுங்கள். திடமாக, நோய் நொடி இல்லாமல், நல்ல வெயில் படும் கிளையாக இருக்கட்டும். அதில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுங்கள். "இந்த நூல் கட்டிய கிளையில் யாரும் கை வைக்கக் கூடாது" என்று வீட்டில் உத்தரவு போட்டுவிடுங்கள். மற்றக் கிளைகளில் தினமும் பூப் பறியுங்கள்; தவறிப்போய்க் காய் பிடித்தால் பிஞ்சிலேயே கிள்ளிவிடுங்கள். பூவும் குறையாது, விதையும் சேரும். ஒரு நூல்தான் செலவு.

சங்குப்பூவிலிருந்து தொடங்குவோம்

நெற்று எடுத்துப் பழக வேண்டுமென்றால் சங்குப்பூவைப் போல் நல்ல ஆசிரியர் கிடையாது. காக்கணம், காக்கரட்டான் என்று ஊருக்கு ஒரு பெயர் இதற்கு. கருவிளை என்பது சங்கத் தமிழ்ப் பெயர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரிசையாக வரும் பூக்களில் இதுவும் ஒன்று. வங்காளத்தில் அபராஜிதா, அதாவது தோல்வி அறியாதவள், என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். லின்னேயஸ் என்ற ஸ்வீடன் தேசத்து அறிஞர் 1753இல் வெளியிட்ட தம்முடைய பெரிய தாவர நூலில், இப்போது இந்தோனேஷியாவில் இருக்கும் டெர்னாட்டே என்ற தீவின் பெயரை இதற்கு ஒட்டவைத்தார். இவ்வளவு பேர் பெயர் வைத்துக் கொண்டாடிய பூ, நம் வீட்டு மதிலில் கேட்பாரற்று ஏறிக் கிடக்கிறது!

பூவைக் கையில் வைத்து நிதானமாகப் பாருங்கள். அவரை, பட்டாணி இவற்றின் இனத்தைச் சேர்ந்தது இது. ஆனால் அந்தப் பூக்களில் மேலே நிற்கும் பெரிய இதழ், இதில் தலைகீழாகக் கீழே விரிந்திருக்கும். தேனீ அந்த இதழில் வந்து இறங்கும்போது மகரந்தம் அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் சங்குப்பூ தேனீயையே நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. பெரும்பாலும் மொட்டு விரிவதற்கு முன்பே தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொண்டுவிடும். ஆகவே பதினோராவது மாடியில், தேனீயே எட்டிப் பார்க்காத பால்கனியில்கூட இது காய்க்கும். நீலச் சங்கின் விதையில் அநேகமாக நீலமே வரும். வெள்ளைச் சங்கின் விதையில் வெள்ளையே வரும். இரண்டையும் ஒரே கம்பியில் பின்னவிட்டால் எப்போதாவது கலந்துபோகலாம். கலப்பே கூடாது என்பவர்கள் இரண்டையும் இரண்டு மூலையில் வையுங்கள்.

வளர்ப்பது வெகு சுலபம். ஓர் அடி ஆழமுள்ள தொட்டி போதும். தண்ணீர் தேங்காத மண், நாளில் ஐந்தாறு மணி நேர வெயில், பற்றி ஏற ஒரு சணல் கயிறு, இவ்வளவுதான் அது கேட்பது. வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் தயவால் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தனக்கு உரமாக்கிக்கொள்ளும். ஆகையால் உரத்தைக் கொட்டாதீர்கள். கொட்டினால் இலை இலையாகத் தழைக்குமே தவிர, பூ வராது. விதை ஊன்றிய சுமார் இரண்டு மாதத்தில் முதல் பூவைப் பார்த்துவிடலாம்.

நூல் கட்டிய கிளையில் பூ வாடியதும், அது இருந்த இடத்தில் தட்டையாக, பச்சைப் பேனாக்கத்தி போல் ஒரு காய் நீளும். கிட்டத்தட்ட விரல் நீளம் இருக்கும். நுனியில் சிறு மூக்கு இருக்கும். பொறுமை வேண்டியது இப்போதுதான். காய் முழு நீளம் வளர்ந்துவிட்டதே என்று பறித்துவிடாதீர்கள். உள்ளே விதை பாலாக இருக்கும், காயவைத்தால் சுருங்கிப்போகும். பச்சை வெளுத்து, மஞ்சளாகி, வைக்கோல் நிறத்துக்கு வந்து, விதை இருக்கும் இடமெல்லாம் புடைத்துத் தெரிய வேண்டும். விரலால் தட்டினால் சத்தம் கேட்க வேண்டும். அதுதான் நாள்.

ஒரு நாள் தாமதித்தாலோ, கொடி உங்களை ஏமாற்றிவிடும். நெற்று நன்றாகக் காய்ந்ததும் அதன் இரண்டு பாதியும் எதிரெதிர்த் திசையில் முறுக்கிக்கொண்டு, பட்டென்று வெடித்து, விதைகளைத் தூர எறியும். மதிய வெயிலில்தான் இந்த வேலை நடக்கும். நீங்கள் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்த சமயத்தில், உங்கள் விதையெல்லாம் கீழ் வீட்டுக்காரருடைய தொட்டிக்குக் குடிபோயிருக்கும்! இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. பழைய மல் துணியில் உள்ளங்கை அளவு பை தைத்து, முற்றிய நெற்றின்மேல் மாட்டி, வாயை நூலால் கட்டிவிடுங்கள். வெடித்தாலும் பைக்குள்ளேதான் வெடிக்கும். பிளாஸ்டிக் உறை மட்டும் வேண்டாம். உள்ளே வியர்த்து, பூஞ்சணம் பிடித்து, நெற்றோடு விதையும் கெட்டுவிடும்.

ஒரு நெற்றில் ஆறு முதல் பத்து விதை வரை இருக்கும். ஏழெட்டு நெற்று எடுத்தால் உங்களுக்கும் போதும். உங்கள் தங்கை, நாத்தனார், அடுத்த வீட்டார் எல்லோருக்கும் போதும்.

இந்தப் பூவை வெந்நீரில் போட்டு நீலத் தேநீர் செய்வது இப்போது நாகரிகம் ஆகியிருக்கிறது. தாய்லாந்திலும் மலேசியாவிலும் இது வெகு நாளைய வழக்கம். சோற்றுக்குக்கூட நீல நிறம் ஏற்றுவார்கள். 2021இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதன் சாற்றை உணவு வண்ணமாகச் சேர்க்க அனுமதி கொடுத்தது. அந்த நீல நீரில் எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தால் ஊதாவாகி, பிறகு ரோஜா நிறமாக மாறும். குழந்தைகளுக்குச் செய்து காட்டுங்கள். ஆனால் பூவுக்குச் சொன்னது விதைக்குப் பொருந்தாது. சங்கு விதை வயிற்றைப் போக்கடிக்கும். ஆகவே விதையை மண்ணுக்கு மட்டும் கொடுங்கள்.

விதையைக் காப்பது எப்படி?

நெற்றிலிருந்து உதிர்த்த விதையை உடனே புட்டியில் போட்டு மூடிவிடக் கூடாது. நெற்று காய்ந்திருந்தாலும் விதைக்குள் ஈரம் இருக்கும். ஒரு தாம்பாளத்தில் பரப்பி, காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் வையுங்கள். பிறகு ஒன்றை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் இன்னும் காய வேண்டும். வழுக்கிக்கொண்டு ஓடினால் சரி.

சுருங்கியது, ஓட்டை விழுந்தது, நிறம் மாறியது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். மீதியை ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். குளிர்ப்பெட்டியின் கீழ்த் தட்டில் வைப்பது இன்னும் உத்தமம். நம் பாட்டிமார் சலித்த சாம்பலைக் கலந்து வைத்தார்கள். காய்ந்த வேப்பிலை போட்டார்கள். வண்டு அண்டாமல் இருக்க இது இன்றைக்கும் நல்ல வழிதான். காஸ் அடுப்பு வந்த வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். வேப்ப மரம் இன்னும் தெருவில் நிற்கிறது.

புட்டியின்மேல் ஒரு சீட்டு ஒட்டி, என்ன விதை, எந்த மாதம், எந்த வருஷம் என்று எழுதுங்கள். "எனக்கு ஞாபகம் இருக்கும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆறு மாதம் கழித்து மூன்று புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு "இது என்னவாக இருக்கும்?" என்று வீடே கூடி யோசிக்க வேண்டி வரும்.

விதைக்கும்போது ஒரு சின்ன உபாயம் தேவை. சங்கு விதையின் தோல் கெட்டியானது. தண்ணீரைச் சுலபத்தில் உள்ளே விடாது. உப்புத்தாளிலோ சிமெண்டுத் தரையிலோ ஒவ்வொரு விதையையும் ஒரு பக்கம் மட்டும் இலேசாக உரசுங்கள். பிறகு இரவு முழுவதும் தண்ணீரில் ஊறட்டும். காலையில் சில பருத்திருக்கும். சில அப்படியே கல்லாகக் கிடக்கும். பருத்ததை அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். கல்லை இன்னொரு தடவை உரசி மறுபடி ஊறப் போடுங்கள். விதை சொத்தை என்று கடைக்காரரைத் திட்டுகிற பல சந்தர்ப்பங்களில், குற்றம் இந்தக் கெட்டித் தோலினுடையதுதான்.

அவரைக்கு வருவோம்

"பூவுக்கென்று தனியாகக் கொடி வைக்க என் வீட்டில் இடமில்லை, வைத்தால் கறிக்காவது ஆக வேண்டும்" என்கிற காரியக்காரச் சகோதரிகள் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் ஆண்டவன் அவரையைப் படைத்தான். ஊதாப் பூங்கொத்து மேல் நோக்கி நிற்கும் அவரைப் பந்தல் எந்த அலங்காரக் கொடிக்கும் இளைத்ததன்று. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்ற பழமொழி இதற்கு வெகு பொருத்தம். பழைய பந்தல் அவரை வகைகள் பகல் பொழுது குறுகினால்தான் பூக்கும். சித்திரையில் விதைத்துவிட்டு "ஏன் பூக்கவில்லை?" என்று கொடியைக் கோபித்துப் பயனில்லை. ஆடியில் விதைத்தால் மார்கழிக் குளிரில் கொத்துக் கொத்தாகப் பூத்துக் காய்க்கும்.

அவரை விஷயத்தில் நாம் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி இல்லையென்றால் சந்தோஷம். நல்ல காயெல்லாம் கறிக்குப் போகும். கண்ணில் படாமல் தப்பியது, பூச்சி அரித்தது, பருவம் முடிந்து கொடி சாகும் சமயத்தில் காய்த்த சோனி, இவைதான் "விதைக்கு இருக்கட்டும்" என்று மீதமாகும். வருஷா வருஷம் இப்படியே செய்துவந்தால் என்ன ஆகும்? சோனிக் காயின் விதையில் சோனிக் கொடி வரும். "அந்தக் காலத்து அவரை மாதிரி இப்போது ஏது?" என்று நாமே பெருமூச்சு விடுவோம்!

விதைக்கு விடுவது மீந்த காயாக இருக்கக் கூடாது. முந்திய காயாக இருக்க வேண்டும். கொடி முழு பலத்தோடு இருக்கும்போது, நடுக்கொடியில், நீண்டு திரண்ட காய்கள் நாலைந்தைப் பார்த்து அப்போதே நூல் கட்டிவிடுங்கள். அன்றைய பொரியலில் நாலைந்து காய் குறைந்தால் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள்.

அவரையில் இன்னொரு தொல்லை வண்டு. காய் கொடியில் இருக்கும்போதே வண்டு அதன்மேல் முட்டை இட்டுவிட்டுப் போய்விடும். புட்டியில் போடும்போது விதை முத்து மாதிரி இருக்கும். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் ஒவ்வொன்றிலும் வட்ட ஓட்டை. ஆகவே நன்றாக உலர்த்தி, இறுக மூடி, குளிர்ப்பெட்டியில் வைப்பது அவரைக்கு அவசியம்.

சங்கைப் போலவே அவரையும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கிறது. ஆகவே உங்கள் அவரை அடுத்த வருஷமும் உங்கள் அவரையாகவே இருக்கும். பூசணி, சுரைக்கு இந்த நிச்சயம் கிடையாது. தேனீ எங்கிருந்து எதைக் கொண்டுவந்ததோ! கடையில் "கலப்பின விதை" என்று அச்சிட்ட பொட்டலம் வாங்கி வளர்த்த செடியிலும் விதை எடுக்காதீர்கள். அடுத்த தலைமுறை தாயைப் போல் இராது. மல்லிகை, முல்லையிடமும் நெற்றை எதிர்பார்க்க வேண்டாம். அவற்றுக்குப் பதியன்தான் வழி.

குழந்தைகளுக்கு ஒரு கொடி

வீட்டில் குழந்தை இருந்தால் ஒரு தொட்டியில் முடக்கத்தானை விடுங்கள். மழை பெய்த மறுநாள் ரசத்துக்கும் தோசைக்கும் இலை ஆகும். பூ மிகச் சிறியது, வெள்ளை. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். ஆனால் காய் இருக்கிறதே, அது காகிதத்தில் செய்த பலூன் போல் மூன்று பட்டையாக உப்பியிருக்கும். பழுத்துக் காய்ந்ததும் குழந்தைகள் அதை உள்ளங்கையில் வைத்துத் தட்டி உடைப்பார்கள். உள்ளே மூன்று அறை. அறைக்கு ஒரு கறுப்பு விதை. விதையைத் திருப்பிப் பார்த்தால், அதில் வெள்ளை நிறத்தில் இருதயம் வரைந்திருக்கும். சீட்டுக்கட்டு ஆட்டீன் தோற்றுப்போகும்! தாவர நூலார் இதற்கு வைத்த பெயருக்கே "இருதய விதை" என்றுதான் அர்த்தம். நெற்று என்றால் என்ன என்று ஒரு குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. உடைக்கும் வேலை குழந்தையுடையது. விதையை எண்ணி வாங்கிப் பத்திரப்படுத்துவது உங்களுடையது.

தொடக் கூடாத இரண்டு

இதுவரை சிரித்துப் பேசினேன். இனிமேல் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசியாக வேண்டும். அழகான நெற்றும் அழகான விதையும் உடைய கொடிகளில், குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாதவை இரண்டு.

ஒன்று, குன்றிமணி. இதன் நெற்று வெடித்துச் சுருண்டாலும் விதை கீழே விழாது. நெற்றிலேயே ஒட்டிக்கொண்டு, பவழத்தில் மை வைத்தாற்போல் மின்னும். வெளிப்புறம் சிவப்பு, மூக்கு கறுப்பு. திருவள்ளுவர் போலித் துறவிகளுக்கு உவமை தேடியபோது இதைத்தான் எடுத்தாண்டார். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! தட்டார் தங்கத்தை நிறுத்த இந்த மணிக்குள்ளே அப்ரின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. மணியை முழுசாக விழுங்கினால், கெட்டித் தோலின் புண்ணியத்தால் பல சமயம் அப்படியே வெளியேறிவிடும். கடித்தாலோ, கோப்பதற்காகத் துளை போட்டிருந்தாலோ, அந்தக் காவல் போய்விடுகிறது.

"எங்கள் வீட்டில் குன்றிக் கொடியே கிடையாதே" என்று நிம்மதி அடைய வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை அது வாசல் வழியாகவே வருகிறது. விநாயக சதுர்த்திக்கு நாம் வாங்கும் களிமண் பிள்ளையாருக்குக் கண் எது? அந்தக் குன்றிமணிதான். களிமண் காய்ந்ததும் கண் தளர்ந்து கீழே விழும். தரையில் தவழும் குழந்தையின் கண்ணுக்கு அதைப் போல் கவர்ச்சியான பொருள் வேறு ஏது? ஆகவே பிள்ளையார் வீட்டில் இருக்கும் நாட்களில் அவருடைய கண் இரண்டையும் தினம் எண்ணுங்கள். கரைக்க எடுத்துப் போகும்போதும் இரண்டு இருக்கின்றனவா என்று பாருங்கள். எட்டாத உயரத்தில் அவரை எழுந்தருளப் பண்ணுங்கள். அவருக்குக் குறை ஒன்றும் வராது.

குழந்தை வாயில் போட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே போதும், தாமதம் கூடாது. விஷத்தின் அறிகுறி சில மணி நேரம் கழித்தும் தெரியலாம். சில சமயம் நாள் கடந்தும் தெரியலாம். "நன்றாகத்தானே விளையாடுகிறான்" என்று சும்மா இருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது போன்ற கை வைத்தியம் வேண்டாம். இதற்கென்று தனியாக முறிவு மருந்து கிடையாது. உரிய நேரத்தில் செய்யும் சிகிச்சைதான் காப்பாற்றும். மிச்சம் இருக்கும் மணியைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 108ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது, செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டின் பூ வரிசையில் முதலில் நிற்பது. கார்த்திகையில் தீச்சுடர் போல் பூப்பதால் கார்த்திகைப் பூ. இதன் விதைக்காகவே ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கங்களில் ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள். கண்வலிக் கிழங்கு என்பது அங்கே வழங்கும் பெயர். இதன் சூலகத் தண்டு மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் வளைந்து நிற்கும். தானாகக் காய்ப்பது குறைவு. ஆகவே காலை வேளையில் ஆட்கள் கொடி கொடியாகப் போய், ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். நம் நூல் கட்டிய கிளைக்கு நாம் அலுத்துக்கொள்ளும்போது அவர்களைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்! அந்த நெற்றின் விதையிலிருந்து கோல்சிசின் என்ற சரக்கு எடுக்கிறார்கள்; கீல்வாத வகை ஒன்றுக்கு அது சிறந்த மருந்து. அளவு மிஞ்சினால் அதே சரக்கு உயிரை வாங்கும். கிழங்கு, விதை, கொடி எல்லாவற்றிலும் அந்த விஷம் உண்டு. செங்காந்தளை வேலியில் கண்டால் ரசியுங்கள். தொட்டிக்குக் கொண்டுவர வேண்டாம்.

பூட்டி வைக்க முடியாத சொத்து

நம் வீட்டுச் சொத்துக்களில் சில பீரோவில் வைத்துப் பூட்டினால் பத்திரமாக இருக்கும். பாட்டியின் அட்டிகையை முப்பது வருஷம் கழித்து எடுத்தாலும் அட்டிகையாகவே இருக்கும். பாட்டியின் அவரை விதையை அப்படிப் பூட்டி வைத்தால், முப்பது வருஷம் கழித்துக் கிடைப்பது வெறும் தூசிதான். வருஷம் ஆக ஆக விதையின் முளைக்கும் சக்தி குறையும். சென்னை போன்ற ஈரக் காற்று வீசும் ஊரிலோ இன்னும் சீக்கிரமே குறையும். மண்ணில் போட்டு, வளர்த்து, மறுபடி நெற்று எடுத்தால்தான் அது நிலைக்கும்.

ஒவ்வொரு குடும்பத்திலும் ஓர் அவரை இருந்தது. இது ஊதா விளிம்பு, இது பட்டை அவரை, இது கோழி அவரை என்று வகை சொல்லத் தெரிந்த ஒருத்தியும் இருந்தாள். கிராமத்து வீட்டை விற்றுவிட்டுப் பட்டணத்து மாடிக்கு வந்தபோது பாத்திரம் வந்தது, பத்திரம் வந்தது. விதைக் குடுவை வந்ததா? அதை நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு வருஷம் விதைக்காமல் விட்டால் போகிறது என்று தோன்றும். இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஆனால் வீட்டோடு வந்த அந்த வகை, சத்தம் போடாமல் அற்றுப்போகும். அதற்குச் சாவுச் செய்தி எந்தப் பத்திரிகையிலும் வராது. ஊரில் உங்கள் அத்தையோ பெரியம்மாவோ இன்னும் ஒரு பந்தல் வைத்திருந்தால், அடுத்த தடவை போகும்போது பட்சணத்தோடு நாலு நெற்றும் கேட்டு வாங்கி வாருங்கள்.

விதையைக் காப்பாற்ற இன்னொரு வழியும் இருக்கிறது, அது கொடுப்பதுதான். உங்கள் கொடி ஒரு வருஷம் பூச்சியில் போனாலும், நீங்கள் கொடுத்த வீட்டில் அது பூத்துக்கொண்டிருக்கும். போய்க் கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். நவராத்திரிக் கொலுவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு என்ன வைத்துக் கொடுப்பது என்று வருஷா வருஷம் யோசித்து, யாரும் உபயோகிக்காத பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வாங்குகிறோம் அல்லவா? இந்தத் தடவை காகிதத்தை மடித்து ஒரு சிறு பொட்டலம் செய்து, அதில் ஐந்து சங்கு விதை போட்டு, "உரசி ஊறவைத்து ஊன்றவும், குழந்தைக்கு எட்டாமல் வைக்கவும்" என்று இரண்டு வரி எழுதி, வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுங்கள். செலவு ஒன்றுமில்லை. பேச்சு மட்டும் அடுத்த நவராத்திரி வரை நடக்கும்: "உங்கள் கொடி எங்கள் வீட்டில் பூத்துவிட்டது, மாமி!"

அதற்கு முதல் படி இன்றைக்கே செய்யக் கூடியதுதான். தையல் பெட்டியிலிருந்து ஒரு சாண் சிவப்பு நூலை எடுத்துக்கொண்டு கொடியண்டை போய் ஒரு நல்ல கிளையாகப் பாருங்கள். மற்றது கொடியின் பொறுப்பு.

அடுத்த வாரம்: தொட்டி மண் இறுகிப்போனால் என்ன செய்வது?